கணவனும் மனைவியும்: பணிவு யாருக்கு?

எமது பங்குகளில் திருமணத் திருப்பலிக்கு வாசகம் தெரிவு செய்யும்போது எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் 5ஆம் அதிகாரம் அநேகமாக வந்துவிடும். மனைவியர் தம் கணவருக்குப் பணிந்திருக்க வேண்டும் என்ற இடம் வாசிக்கப்படும்போது ஆண்கள் பக்கத்தில் ஒரு சிறு அசைவு தெரியும். தோழன் மாப்பிள்ளையைப் பார்ப்பான். பின்வாங்கில் இருக்கும் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமுவார். பெண்கள் பக்கத்தில் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வார்கள். வாசகம் தொடர்ந்து போகும். பலருடைய காது மட்டும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பின்னர் வீட்டிலே சண்டை வரும்போது, நிவாரண அட்டை யார் கையில் இருப்பது என்ற பேச்சு எழும்போது, காணி உறுதி எங்கே என்று அவள் கேட்கும்போது, "வேதத்திலேயே சொல்லிக் கிடக்கு" என்று அந்த ஒரு வசனம் மட்டும் வெளியே வரும்.

விதைநெல்லையும் சிறுகடனையும் கிணறு துப்புரவாக்கலையும் பற்றி எழுதும் இவ்விதழில் திருமணத்தைப் பற்றி ஏன் எழுத வேண்டும் எனச் சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இடம்பெயர்ந்த ஒரு விவசாயக் குடும்பத்தில் கடன் எடுப்பதும், ஊருக்குத் திரும்புவதா இருந்த இடத்தில் இருப்பதா என்று முடிவெடுப்பதும், காணிக்கு விண்ணப்பிப்பதும் கணவன் மனைவிக்கிடையே உள்ள உறவிலேயே தங்கியிருக்கின்றன. அந்த உறவு கோணினால் எந்தத் திட்டமும் நேராக நடவாது. மேலும், இறைவார்த்தையின் பெயரால் ஒரு பெண்ணின் வாய் அடைக்கப்படுமாயின், அதற்குப் பதில் சொல்லும் கடமை அவ்வார்த்தையைப் பீடத்தில் நின்று வாசிக்கும் எமக்கே முதலில் உண்டு.

அந்தக் காலத்து வீடு

இத்திருமுகத்தைப் பவுலடியார் தாமே எழுதினாரா, அவர் வழிவந்த சீடர் ஒருவர் எழுதினாரா என்பது அறிஞர்களின் விவாதம். அதற்குள் நாம் போகவில்லை. அது சென்றடைந்த வீடுகள் எப்படிப்பட்டவை என்பதே எமக்கு முக்கியம்.

உரோமைச் சட்டத்தில் குடும்பத் தலைவனின் அதிகாரம் மிகப் பெரியது. பிறந்த குழந்தையை ஏற்று வளர்ப்பதா, வெளியே விட்டுவிடுவதா என்பதைக்கூட அவனே தீர்மானிக்கலாம். கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டோட்டில், 'அரசியல்' என்ற தமது நூலின் முதற் பகுதியில் வீட்டை மூன்று சோடி உறவுகளாகப் பிரிக்கிறார்: எசமானும் அடிமையும், கணவனும் மனைவியும், தந்தையும் பிள்ளைகளும். மூன்றிலும் ஆளுபவன் ஒருவனே. இப்போது எபேசியர் 5:22 தொடக்கம் 6:9 வரை வாசித்துப் பாருங்கள். அதே மூன்று சோடிகள் அங்கேயும் இருக்கின்றன. ஊரில் ஏற்கெனவே இருந்த வீட்டுக்குள்தான் நற்செய்தி நுழைந்தது.

ஆனால் நுழைந்தபின் வீட்டை அப்படியே விட்டுவைக்கவில்லை. அக்காலத்து மெய்யியலாளர் வீட்டுத் தலைவனுக்கே அறிவுரை சொல்வார்கள்: உன் மனைவியை இப்படி ஆள், உன் அடிமையை இப்படி நடத்து என்று. பெண்ணோடும் பிள்ளையோடும் அடிமையோடும் நேரே பேசுவது வழக்கமன்று. திருமுகமோ மனைவியரை, பிள்ளைகளை, அடிமைகளை நேரே அழைத்துப் பேசுகிறது. ஒவ்வொரு சோடியிலும் அவர்களையே முதலில் அழைக்கிறது. அதற்குப் பிறகு தலைவனைக் கூப்பிட்டு, அவன் எதிர்பாராத அளவு கடமைகளை அவன் தலையில் வைக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதே பகுதியில், 6:5இல், அடிமைகள் எசமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று வருகிறது. அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருந்த கிறிஸ்தவர்கள் 19ஆம் நூற்றாண்டு வரை இவ்வசனத்தைத் தமக்குச் சாதகமாகக் காட்டி வந்தார்கள். நாமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. 1707ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் தொகுப்பித்த எமது தேசவழமையிலும் அடிமைகள் பற்றிய பகுதி ஒன்று இருந்தது. இலங்கையில் அடிமை முறை 1844இலேயே ஒழிக்கப்பட்டது. இன்று எந்தக் குருவும் 6:5ஐ வைத்து அடிமை முறையை நியாயப்படுத்த மாட்டார். 'அது அந்தக் காலத்து ஒழுங்கு' என்பார். அப்படியானால் அதே பக்கத்தில், அதே ஒழுங்கில் நிற்கும் 5:22ஐ மட்டும் காலம் தொடாத கட்டளையாக எடுப்பது எந்த நியாயம்?

ஒரு வினைச்சொல்

கிரேக்க மூலத்தில் ஒரு சுவையான விடயம் உண்டு. எமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கைப்பிரதிகளில், அதாவது 200ஆம் ஆண்டளவைச் சேர்ந்த நாணற் சுவடியிலும் 4ஆம் நூற்றாண்டின் வத்திக்கான் சுவடியிலும், 22ஆம் வசனத்தில் 'பணிந்திருங்கள்' என்ற வினைச்சொல்லே இல்லை. மனைவியர் தம் கணவருக்கு என்று மட்டுமே இருக்கிறது. வினை எங்கே? முந்திய வசனத்தில். 21ஆம் வசனம் கிறிஸ்துவின்மேல் கொண்ட அச்சத்தால் எல்லாரும் ஒருவருக்கொருவர் பணிந்திருக்கும்படி சொல்கிறது. அந்த வினையைக் கடன் வாங்கித்தான் அடுத்த வசனம் நடக்கிறது. ஆகவே 21ஐ விட்டுவிட்டு 22இல் தொடங்கி வாசிப்பவர், வசனத்தின் அரைவாசியையே வாசிக்கிறார். அச்சுப் புத்தகங்கள் சில இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு தலைப்பைப் போட்டுப் பிரித்திருப்பது எமது அபிப்பிராயத்தில் பெரிய இடைஞ்சல்.

பிள்ளைகளுக்கும் அடிமைகளுக்கும் சொல்லப்படும் சொல்லும் வேறு. அவர்களுக்குச் சொல்லப்படுவது கீழ்ப்படிதல். சொன்னதைக் கேட்டு நடத்தல். மனைவியருக்கு அச்சொல் இங்கே பயன்படவில்லை. தன்னைத் தானே ஒழுங்குபடுத்தி மற்றவருக்கு இடம்விடுதல் என்ற பொருள்கொண்ட சொல்லே பயன்படுகிறது. அடித்துப் பணிய வைப்பதற்கு இச்சொல்லில் இடமில்லை. தானாக மனமுவந்து கொடுப்பதை மற்றவர் பிடுங்கி எடுத்தால் அது காணிக்கையாகாது.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்கக் கூடாது. பேதுருவின் முதல் திருமுகம் 3ஆம் அதிகாரத்தில் சாரா ஆபிரகாமுக்குக் கீழ்ப்படிந்ததை உதாரணமாகக் காட்டுகிறது. அங்கே அந்தக் கடினமான சொல்லே வருகிறது. உண்மை. அந்த அறிவுரை முக்கியமாகக் கிறிஸ்துவை ஏற்காத கணவரோடு வாழ்ந்த பெண்களை மனதிற்கொண்டு எழுதப்பட்டது. அதோடு தொடக்கநூல் 21ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அங்கே ஆகாரின் காரியத்தில் ஆபிரகாம் மனம் வருந்தி நிற்க, சாரா சொல்வதைக் கேட்கும்படி கடவுளே அவருக்குச் சொல்கிறார். சாரா ஆபிரகாமின் சொல்லையும், ஆபிரகாம் சாராவின் சொல்லையும் கேட்ட வீடு அது. பேதுருவின் அதே அதிகாரம் 7ஆம் வசனத்தில் கணவனுக்கு ஓர் எச்சரிக்கையும் வைத்திருக்கிறது: மனைவியை மதித்து நடக்காதவனின் செபம் தடைப்படும் என்று. செபமாலை முடிந்த கையோடு மனைவியை ஏசுபவர்கள் இதைக் கவனிக்கவும்.

தாம்பத்திய உறவைப் பற்றியும் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 7ஆம் அதிகாரத்தில் தெளிவாகப் பேசுகிறார். மனைவியின் உடல்மேல் கணவனுக்கு உரிமை உண்டு என்று சொன்ன உடனேயே, கணவனின் உடல்மேல் மனைவிக்கு உரிமை உண்டு என்கிறார். விலகியிருப்பதாயினும் இருவரும் ஒத்துக்கொண்டே விலகியிருக்க வேண்டுமாம். அந்நாளில் இப்படி இரு பக்கமும் சமமாக நிறுத்து ஒருவர் எழுதியது சிறிய காரியமன்று.

தலை என்றால்

"அப்ப தலை எண்டு சொல்லியிருக்கே சுவாமி, அதுக்கென்ன?" என்று கூட்டங்களில் ஆண்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். கணவன் மனைவிக்குத் தலையாயிருக்கிறான் என்று திருமுகம் சொல்கிறது. ஆனால் எப்படிப்பட்ட தலை? கிறிஸ்து திருச்சபைக்குத் தலையாயிருப்பது போல. கிறிஸ்து தலைவராக இருந்து என்ன செய்தார்? சீடரின் காலைக் கழுவினார். தம்மையே கையளித்தார். இந்தத் தலைமையை விரும்புகிறவர் அதை எடுத்துக்கொள்ளட்டும். எமக்கு ஆட்சேபனை இல்லை.

வசனங்களை எண்ணிப் பாருங்கள். மனைவியருக்கு 22, 23, 24 என மூன்று. 25 தொடக்கம் 33 வரை ஏறக்குறைய முழுவதும் கணவருக்கு. மனைவிக்குச் சொன்னதைப்போல மூன்று மடங்கு சொற்கள் கணவனுக்குச் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஓரிடத்திலாவது 'மனைவியை அடக்கு' என்றோ 'ஆட்சி செய்' என்றோ இல்லை. அன்பு செய் என்றே திரும்பத் திரும்ப வருகிறது. தன் உடலைப் பேணுவதுபோல் அவளைப் பேண வேண்டும் என்கிறது. கொலோசையர் திருமுகம் இன்னும் சுருக்கம்: மனைவியோடு கசப்பாக, கடுமையாக நடவாதே.

4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பொன்வாய் அருளப்பர், அதாவது புனித யோவான் கிறிசோஸ்தோம், இந்தப் பகுதிக்குச் செய்த மறையுரை இன்றும் கிடைக்கிறது. அச்சத்தாலும் பயமுறுத்தலாலும் மனைவியைக் கட்டிவைக்க முடியாது, வேலைக்காரனைக்கூட அப்படி நெடுநாள் வைத்திருக்க முடியாது, அவனும் ஓடிவிடுவான் என்ற கருத்தில் அவர் கணவருக்குச் சொல்கிறார். மனைவி நடுங்கிக்கொண்டு வாழும் வீட்டில் கணவனுக்குத்தான் என்ன இன்பம் என்றும் கேட்கிறார்.

"தலை ரெண்டு இருந்தா குடும்பம் எப்பிடி ஓடும்?" என்று இன்னொருவர் கேட்பார். எமது வயதானவர்களுக்குத் துலா இறைப்பு நினைவிருக்கும். ஒருவர் துலா மிதிப்பார். ஒருவர் கிணற்றடியில் பட்டையைப் பிடித்து ஊற்றுவார். ஒருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டுவார். தண்ணீர் கட்டுபவர் நிறுத்தச் சொன்னால் மிதிப்பவர் நிற்பார். பட்டை பிடிப்பவர் குரல் கொடுத்தால் மேலே நிற்பவர் கேட்பார். கேட்காவிட்டால் ஆபத்து. களைத்தால் ஆள் மாறுவார்கள். அங்கே தலைவன் யார் என்று எவரும் கேட்டதில்லை. தோட்டம் நனைந்தது. இப்போது தண்ணீர்ப் பம்பு வந்துவிட்டது. ஒருவரே எல்லாம் செய்யலாம். குடும்பத்துக்கு அப்படி ஒரு பம்பு இன்னும் வரவில்லை.

திருச்சபை சொல்லி வந்தது

எமது திருமணச் சடங்கில் மணமகனும் மணமகளும் கொடுக்கும் வாக்கு ஒன்றே. எந்நிலையிலும் பிரமாணிக்கமாயிருந்து நேசித்து மதிப்பதாக இருவரும் ஒரே வார்த்தைகளால் சொல்கிறார்கள். கணவனுக்குக் கீழ்ப்படிவதாக மணமகள் தனியே வாக்குக் கொடுப்பதில்லை. 1549ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருச்சபை மன்றாட்டு நூலில் அப்படி ஒரு வாக்கு இருந்தது. எமது சடங்கில் இல்லை. இந்த அருட்சாதனத்தை நிறைவேற்றுபவர் குருவும் அல்லர். மணமக்களே ஒருவருக்கொருவர் அதை வழங்குகிறார்கள். குரு திருச்சபையின் பெயரால் சம்மதத்தைக் கேட்டு ஏற்கிறார். தாலி கட்டுவது எமது பண்பாட்டின் அழகான பகுதி. தாலியில் சிலுவையும் புறாவும் இருப்பதும் நல்லதே. ஆனால் தாலி, உரிமைச் சீட்டு அன்று.

பாப்பரசர்களின் போதனையில் படிப்படியான தெளிவைக் காணலாம். 11ஆம் பத்திநாதர் 1930இல் வெளியிட்ட சுற்றுமடலில் ஆணைத் தலை என்றும் பெண்ணை இதயம் என்றும் சொன்னார். பெண் விடுதலை இயக்கங்களைப் பற்றி அவர் கடுமையாகவே பேசினார். ஆயினும், நியாயத்துக்கும் மனைவியின் மாண்புக்கும் ஒவ்வாத விருப்பங்களுக்கு அவள் இணங்க வேண்டியதில்லை என்றும், பணிவின் அளவும் முறையும் ஆளுக்கும் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும் என்றும் எழுதினார். கணவன் தன் கடமையைக் கைவிட்டால் குடும்பத்தை வழிநடத்தும் பொறுப்பு மனைவியிடம் வரும் என்பதும் அதே மடலில் இருக்கிறது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கணவன் மனைவி இருவரின் சமமான மாண்பை வெளிப்படையாக அறிக்கையிட்டது. இரண்டாம் யோவான் பவுல் 1988இல், பெண்களின் மாண்பு பற்றிய தமது மடலில், எபேசியர் வாசகத்தையே எடுத்து விளக்கினார். கிறிஸ்துவுக்கும் திருச்சபைக்கும் இடையில் பணிவு திருச்சபையின் பக்கமே இருக்கிறது. கணவனுக்கும் மனைவிக்கும் இடையிலோ பணிவு இரு பக்கமும் இருக்கிறது என்பது அவருடைய விளக்கம். அந்நாள் வழக்கத்தோடு ஒப்பிடுகையில் இதுவே நற்செய்தி கொண்டுவந்த புதுமை என்றார். பிரான்சிஸ் திருத்தந்தை 2016இல், பவுலடியார் தம் காலத்துப் பண்பாட்டின் மொழியில் பேசினார், எமக்கு வேண்டியது அந்தப் பண்பாட்டு உடையன்று, உள்ளே இருக்கும் செய்தியே என்ற கருத்தில் எழுதினார்.

இவ்வளவு சொல்லப்பட்டிருந்தும் எமது கோவில்களில் பிரசங்கம் 24ஆம் வசனத்தோடு நின்றுவிடுவது ஏனோ தெரியவில்லை.

இடம்பெயர்ந்த வீட்டில்

1990, 1995, 2008, 2009 என்று எமது மக்கள் ஓடிய ஆண்டுகளை எண்ணத் தேவையில்லை. அவை உங்கள் உடம்பில் எழுதப்பட்டிருக்கின்றன. 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமத்திலிருந்து வெளியேறிய இரவில் பெட்டியைத் தூக்கியவர் யார், பிள்ளையைத் தூக்கியவர் யார், மாட்டை அவிழ்த்து விட்டவர் யார் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கும். அந்தக் கதைகளில் தலைவன் கட்டளையிட மனைவி பணிந்த கதை மிகக் குறைவு. இருவரும் கைக்கு எட்டியதைச் செய்தார்கள்.

முகாமில் நிலைமை மாறியது. தோட்டத்தில் நின்றவரைக்கும் ஆணுக்கு ஒரு இடம் இருந்தது. எப்போது உழுவது, எப்போது விதைப்பது, வெங்காயத்தை எப்போது கிண்டுவது என்று அவன் சொன்னான், வீடு கேட்டது. தறப்பாளுக்குக் கீழே வந்தபின் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அரிசியும் பருப்பும் அட்டைக்கு வந்தன. தண்ணீருக்கும் விறகுக்கும் வரிசையில் நின்றவள் மனைவி. சங்கத்துக் கூட்டத்துக்குப் போனவள் மனைவி. உதவி நிறுவனங்கள் பெண்களையே கூப்பிட்டன. சிறுகடனும் கோழிக்குஞ்சும் தையல் இயந்திரமும் பெரும்பாலும் அவள் பெயரிலேயே வந்தன. இதைச் சரி என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் ஆணை என்ன செய்வதென்று எவரும் யோசிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மரத்தடியில் கடதாசி விளையாடவும் கசிப்புக் குடிக்கவும் அவனுக்கு நேரம் கிடைத்தது. மண்ணை இழந்தவன் தன் தலைமையைத் தேடி மனைவியின் பக்கம் திரும்பினான். அப்போதுதான் அந்த வசனம் அவனுக்கு நினைவில் வந்தது. அதுவரை அவன் வீட்டில் வேதாகமம் திறபட்டதில்லை.

அந்த மனிதனை வெறுமனே கண்டிப்பதால் பயனில்லை. அவன் தேடுவது மதிப்பு. அந்த மதிப்பு அவனுக்குத் தேவையே. ஆனால் மனைவியைச் சிறிதாக்கிப் பெறும் மதிப்பு நாலு நாளும் நிற்காது. நாம் சென்ற முகாம்களில் நன்றாக நிமிர்ந்த குடும்பங்களைக் கண்டோம். ஒரு தகப்பன் அதிகாலையில் தானே எழும்பித் தண்ணீர் வரிசைக்குப் போனார். அயலவர் முதலில் சிரித்தார்கள். "அவவுக்கு முதுகு ஏலாது, நான் போனா என்ன குறைஞ்சிடுவன்?" என்பார். பிறகு அந்த வரிசையில் வேறு ஆண்களும் நின்றார்கள். எபேசியர் 5:25க்கு அதைவிட நல்ல விளக்கவுரையை நாம் குருமடத்தில் படிக்கவில்லை.

இன்னொரு கூட்டத்தாரையும் மறக்க முடியாது. கணவன் இறந்தவர்கள், காணாமற் போனவர்கள், எங்கே என்று தெரியாதவர்கள். அவர்களிடம் போய்ப் பணிவைப் பற்றி என்ன பேசுவது? உழவுக்காரனோடு கூலி பேசுவதும், நெல்லை விற்பதும், மகளுக்குச் சம்பந்தம் பேசுவதும் அவர்களே. அவர்கள் தலைமை தாங்குவதை ஊரார் குறையாகப் பார்க்கிறார்கள். 11ஆம் பத்திநாதரோ அதைக் கடமையென்று எழுதியிருந்தார்.

கை ஓங்கும் இடத்தில்

அடிபட்டு வரும் பெண்ணிடம் "பொறுத்துக்கொள் பிள்ளை, சிலுவையைத் தூக்கு" என்று சொல்லும் வழக்கம் எம்மிடையே நெடுங்காலம் இருந்தது. இன்னும் முற்றாகப் போகவில்லை. சிலுவையைத் தானாக ஏற்பது ஒன்று. இன்னொருவன் குடித்துவிட்டு வந்து அதைச் சுமத்துவது வேறொன்று. திருச்சபைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1983இல் வெளியான சட்டத் தொகுப்பின் 1153ஆம் இலக்கம், துணைவரில் ஒருவர் மற்றவரின் அல்லது பிள்ளைகளின் உடலுக்கோ உள்ளத்துக்கோ கடும் ஆபத்து விளைவித்தால், மற்றவர் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்கிறது. வழமையாக ஆயரின் தீர்மானம் வேண்டும். தாமதித்தால் ஆபத்து என்றால் அவரே முடிவெடுத்து விலகலாம். திருமணப் பிணைப்பு அறுவதில்லை. ஆனால் அடி வாங்கிக்கொண்டு அங்கேயே இருக்கும்படி திருச்சபை எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. பாதுகாப்பான இடத்துக்குப் போன பெண், பணிவுக்கு எதிராகப் பாவம் செய்தவள் அல்லள். நற்கருணை வாங்க அவளுக்குத் தடையும் இல்லை.

நாட்டுச் சட்டமும் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பாதிக்கப்பட்டவரே கேட்கலாம், அவருக்காகப் பொலிஸ் அலுவலர் ஒருவரும் கேட்கலாம். முதலில் 14 நாட்களுக்கு மேற்படாத இடைக்காலக் கட்டளையும், பின்னர் 12 மாதங்களுக்கு மேற்படாத கட்டளையும் கிடைக்கும். அடித்தவரை மறியலில் போடுவதற்கான சட்டம் என்று பலர் பயந்து விலகுகிறார்கள். அதன் முதல் நோக்கம் அடியை நிறுத்துவது.

காணியும் கையொப்பமும்

பணிவு என்பது கோவிலில் பேசும் விடயம் மட்டுமன்று. எமது வடமாகாணத்தில் அது காணிச் சட்டத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணுக்கு, சீதனமாக வந்த காணியோ முதுசமாக வந்த காணியோ சொந்தமாக இருக்கலாம். ஆனால் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, அசையாச் சொத்தை அவள் உயிரோடிருக்கும்போது விற்கவோ ஈடுவைக்கவோ நன்கொடையாக எழுதவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கணவன் தன் சொந்தக் காணியை விற்க மனைவியின் சம்மதம் வேண்டியதில்லை. நாட்டின் பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட பெண்களுக்கு 1923ஆம் ஆண்டின் சட்டத்தோடு இத்தகைய தடை நீங்கிவிட்டது.

சமாதான காலத்தில் இது வெறும் சம்பிரதாயமாகத் தோன்றலாம். கணவன் காணாமற் போன பெண்ணுக்கு அது மதில். காணி அவளுடையது, கையொப்பமிட வேண்டியவர் எங்கே என்று தெரியாது. இங்கே அறிய வேண்டியது என்னவெனில், அதே கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு ஒரு வாசலையும் வைத்திருக்கிறது. கணவன் கைவிட்டிருந்தால், அவனுடைய இருப்பிடம் தெரியாவிட்டால், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி வழங்கலாம். அவள் மரண சாசனம் எழுதவும் கணவனின் சம்மதம் தேவையில்லை. காணாமற் போனவரின் குடும்பம், மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்கீழ் ஆள் காணாமற் போயிருக்கிறார் என்பதற்கான சான்றிதழைப் பெறலாம்.

குடியேற்றத் திட்டங்களில் உள்ள அனுமதிப்பத்திரக் காணி வேறு. அதற்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பொருந்தும். பின்னுரித்தாளர் பெயர் எழுதப்படாமல் ஒருவர் இறந்தால், பிள்ளைகளுக்குள் பெண்ணை விட்டு ஆணுக்கு முன்னுரிமை கொடுக்கும் ஒழுங்கு அச்சட்டத்தில் நெடுங்காலம் இருந்தது. 2022இல் வந்த திருத்தம் அதை மாற்றியது. அனுமதிப்பத்திரம் கணவன் பெயரில் மட்டும் இருக்கும் குடும்பங்கள் பல. அவர் உயிரோடு, சுகத்தோடு இருக்கும்போதே மனைவியைப் பின்னுரித்தாளராக நியமித்துப் பதிவு செய்யலாம். "நான் இருக்கேக்கை இதுக்கென்ன அவசரம்?" என்பது ஆண்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். எங்களுக்குத் தெரிந்த ஒரு தாய் அதற்குச் சொன்ன பதில்: "நீங்கள் இல்லாதபோது நான் யாரிட்டக் கேக்கிறது?"

மனைவிக்காகத் தன்னையே கையளிக்க வேண்டும் என்று திருமுகம் கணவனுக்குச் சொல்கிறது. உயிரைக் கொடுக்கும் வாய்ப்பு எல்லாருக்கும் வராது. ஒரு படிவத்தில் கையொப்பம் வைக்கும் வாய்ப்பு அநேகருக்கு வரும். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்கு இருவரும் சேர்ந்து போங்கள். அனுமதிப்பத்திரம் அல்லது அதன் பிரதி, இருவரின் அடையாள அட்டைகள், விவாகப் பதிவுப் பிரதி ஆகியவற்றைக் கொண்டு போங்கள். ஓட்டத்தில் விவாகப் பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகப் பதிவாளர் பிரிவில் புதிய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். நாளும் இடமும் மறந்துபோயிருந்தால் முதலில் பங்கு மனைக்கு வாருங்கள். கோவில் விவாகப் பதிவேட்டில் தேடிப் பார்ப்போம்.